நிற்பதும் ஒரு வேலைதான்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, முகம் கழுவிக்கொண்டிருந்த என் தந்தை விழுந்தார். தரையில் ஈரம் இல்லை. கால் இடறவும் இல்லை. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்களை மூடினார், விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அழைத்துச் சென்ற மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், மாவுக்கட்டுப் போட்டார்கள், வயதாகிவிட்டது, இனிப் பார்த்து நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் ஏன் விழுந்தார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. உடலின் சமநிலையையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட நானும் அன்று கேட்கவில்லை என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கூச்சமே இப்பதிவை எழுத வைக்கிறது.

‘சும்மா நிற்கிறான்’ என்று சொல்கிறோம். சும்மா நிற்பது என்று ஒன்று கிடையாது. நிமிர்ந்து நிற்கும் உடலின் நிறை மையம் இடுப்புக்கூட்டின் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு, கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் தரையைத் தொடுகிறது. ஆகவே, நிற்கும்போது உடல் எப்போதும் முன்பக்கமாகச் சாயப் பார்க்கிறது. கெண்டைக்கால் தசைகள் அதை ஓயாமல் பின்னுக்கு இழுக்கின்றன. விசைத்தட்டின்மேல் ஏறி அசையாமல் நிற்கும்படி எவரிடம் சொன்னாலும், கணினித் திரையில் விழும் கோடு ஒரு புள்ளியில் அடங்குவதில்லை. சமநிலை என்பது அசைவற்ற நிலையன்று, இடைவிடாத திருத்தம்.

இந்தத் திருத்தத்துக்கான செய்திகள் மூன்று வழிகளில் வருகின்றன. உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை உணர்கின்றன; அவற்றை அடுத்துள்ள இரண்டு பைகள், நுண்ணிய கால்சியம் கார்பனேட் மணிகளின் துணையால், தலை சாய்வதையும் நேர்க்கோட்டில் நகர்வதையும் உணர்கின்றன. இரண்டாவது வழி கண். மூன்றாவது, உள்ளங்காலின் தோலும் தசைகளும் மூட்டுகளும். மூளைத்தண்டும் சிறுமூளையும் இம்மூன்றையும் ஒப்பிட்டுத் தசைகளை ஏவுகின்றன. ஒரு வழி பழுதானால் மற்ற இரண்டும் ஈடுகட்டுகின்றன. இதில் ஓர் ஆபத்தும் உண்டு: ஈடுகட்டல் நடக்கும் வரையில் பழுது வெளியே தெரியாது.

முதுகுத்தண்டுவட நோயால் கால்களின் உணர்வை இழந்தவர்கள், கண் திறந்திருக்கும்போது நிற்கவும் கண்ணை மூடியதும் தள்ளாடவும் செய்வதைப் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் 1840களிலேயே எழுதிவைத்தார். என் தந்தைக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சில வாரங்களுக்குப் பின் வேறொரு மருத்துவர் அவருடைய செருப்பைக் கழற்றச் சொல்லி, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுக் கால் பெருவிரலில் வைத்தார். “வைத்துவிட்டீர்களா, டாக்டர்?” என்று கேட்டார் அப்பா. கால்கள் கைவிட்ட வேலையைக் கண்கள் எத்தனையோ காலமாகச் செய்துவந்திருக்கின்றன. அன்று காலை சோப்பு நுரை அந்தக் கண்களையும் மூடியது.

இதை மைசூரிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜகன்மோகன் அரண்மனையில் 1930களில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையின் வழியாகவே பட்டாபி ஜோயிசும் பி.கே.எஸ். ஐயங்காரும் உலகறிந்த ஆசிரியர்கள் ஆனார்கள். ஒற்றைக்காலில் நிற்கப் பழகுவதற்காகக் கடல் கடந்து இன்றும் இவ்வூருக்கு வருகிறார்கள். 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் இங்கே மானசகங்கோத்ரியில்தான் இருக்கிறது. செவியின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் அறிவும் கருவியும் அங்கே உள்ளன. இப்படிப்பட்ட ஊரிலும் ஒரு முதியவர் விழுந்தால், ‘வயது’ என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

யோகப் பயிற்சி போதாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். பயிற்சிக்குப் பலன் உண்டு. 108 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, உடற்பயிற்சி முதியோர் விழும் வீதத்தை ஏறத்தாழ 23 சதவீதம் குறைப்பதாகக் காட்டியது. ஆனால் எல்லா விழுதலுக்கும் காரணம் ஒன்றன்று. உட்செவி மணிகள் இடம்பெயர்ந்து தலைசுற்றுபவருக்குத் தலையை முறைப்படி திருப்பும் சில நிமிடச் சிகிச்சை தேவை. எழுந்ததும் இரத்த அழுத்தம் தாழ்பவருக்கு, அவர் உண்ணும் மருந்துகளை மறுபடி பார்க்க வேண்டும். உள்ளங்கால் உணர்வை இழந்தவரைத் துணையின்றிக் கண்மூடி விருட்சாசனத்தில் நிற்கச் சொல்வது அவரை விழச் சொல்வதற்கு ஒப்பாகும். காரணம் அறிந்த பிறகே பயிற்சி.

நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. கேட்க வேண்டியது ஒன்றே: “கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா?” செய்ய வேண்டியவை இரண்டு. செருப்பைக் கழற்றி, பாதங்களைச் சேர்த்து, ஒருவர் அருகில் காவலாக நிற்க, கண் திறந்து அரை நிமிடமும் மூடி அரை நிமிடமும் நிற்க வைப்பது. பெருவிரலில் இசைக்கவையை வைப்பது. இரண்டும் சேர்ந்து சில நிமிடங்களைத் தாண்டா. கேளாமலே இரத்த அழுத்தம் பார்க்கிறோம். அதுபோல இதையும் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

ஆய்வாளர்களாகிய நம்மீதும் குறை உண்டு. விசைத்தட்டில் ஏற்றுவதற்கு எளிதாகக் கிடைப்பவர்கள் இருபது வயது மாணவர்கள். அவர்களைக் கொண்டே பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதுகிறோம். விழக்கூடியவர்களோ வீட்டில் இருக்கிறார்கள்.

அப்பா இப்போது நாற்காலியில் அமர்ந்து முகம் கழுவுகிறார். இரவில் நடைவழி விளக்கு அணைவதில்லை. இதைப் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெரியவர் விழுந்ததாகச் சொன்னால், “எங்கே அடிபட்டது?” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “விழும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இருட்டாக இருந்ததா? கண்ணை மூடியிருந்தீர்களா?” என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்விகள் அவை.