எஞ்சினுக்குத் தனிக் கணக்கு வேண்டுமா?

காரிற் புதிய பாகம் ஒன்றைப் பூட்டிய இளைஞர் அடுத்துக் கேட்பது, "எஞ்சினையும் தனியாக ரியூன் செய்விக்கவேண்டுமா?" என்பதே. பூட்டியது யாது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

முன்னாளிற் காபுறேற்றரின் திருகாணியைத் திருப்பி மெக்கானிக் செய்த வேலையை இன்று சிறு கணினி செய்கின்றது. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய, நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி உரைப்பதைக் கேட்டுக் கணினி பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். ஆகவே சைலன்சரை மட்டும் மாற்றியவர் பணத்தைப் பையிலேயே வைத்திருக்கலாம். ஓசை கூடியதே அவர் கண்ட பலன்!

டேர்போ பூட்டியவர் நிலை வேறு. மிதியை முழுதும் அழுத்துகையிற் பல கார்களின் கணினி உணரியைக் கேளாது, தொழிற்சாலையில் எழுதிய அட்டவணையையே பின்பற்றும். அது இவ்வளவு காற்றுக்கென எழுதப்பட்டதன்று. பெற்றோல் போதாமல் வெப்பம் மிகும். கலவை தானாகவே வெடிக்கும். ஈற்றிற் பிஸ்ரன் உடையும்.

ஆயத்த அட்டவணைகளும் விற்பனைக்குண்டு. பிறர் அளவுக்குத் தைத்த சட்டையும் சிலவேளை பொருந்தும் அன்றோ? ஆயினும் 95 ஒக்ரேன் பெற்றோலுக்கு எழுதியதை ஏற்றிவிட்டு 92 ஊற்றுபவர் எஞ்சினையே பணயம் வைக்கிறார். காரை உருளைமேல் ஓடவிட்டு, தாம் ஊற்றும் பெற்றோலுடனேயே அளந்து எழுதுவிப்பது தக்கது. செலவு அதிகந்தான், எஞ்சினைத் திரும்பக் கட்டும் செலவு அதனினும் அதிகம். கையிற் பணமில்லையெனில் டேர்போ சில மாதம் பெட்டியிலேயே கிடக்கட்டும். மாற்றங்கள் யாவும் முடிந்த பின்னரே ரியூனரிடம் செல்க. பாதியிற் சென்றவர் இருமுறை காசு கொடுப்பார்.