இறங்கிப் பாருங்க அண்ணன்

சீனன்குடாவில் குடியிருப்பவனுக்கு லொறிச் சத்தம் புதிதல்ல. விடிய நாலரைக்கே மா ஆலைப் பக்கம் லொறிகள் வரிசை பிடித்துவிடும். அடுத்து சீமெந்து ஏற்ற வருபவை, வெயில் ஏற ஏற எண்ணெய்த் தாங்கிப் பக்கமிருந்து பவுசர்கள். அந்தச் சத்தத்தில்தான் இருபது வருடத்துக்கு மேல் கடை திறந்தேன். போட்டோக் கொப்பி, விண்ணப்பப் படிவம், கடிதம் தட்டச்சு, ரீலோட் என்று நாலு பேர் வந்து போகிற சின்னக் கடை.

2022 பங்குனியில் கடை படுத்துவிட்டது. கடதாசி வரத்து நின்றது. மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையையே கடதாசி இல்லாமல் ஒத்திவைத்த மாதம் அது. மார்ச் 31 ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம். கரண்ட் இல்லாத கொப்பி மெசினுக்கு முன்னால் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? ஆனி முடிவில் டீசல் லீற்றர் 460 ரூபாய். அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த அந்த இரண்டு கிழமையும், பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எங்களூர்த் தாங்கிகளிலிருந்து பவுசர்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. கடை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் மனைவி கேட்டா, "உங்களுக்கு வான் ஓடத் தெரியும்தானே, லொறி ஓடினா என்ன?"

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

கனரக அனுமதிப்பத்திரம் எடுப்பது நான் பயந்த அளவு கஷ்டமாக இருக்கவில்லை. வைத்தியச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓடிக் காட்டுதல். கண் பரிசோதனையில்தான் மனம் அடித்துக்கொண்டது. வெள்ளெழுத்து விழுந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. தூரப் பார்வை பிழையில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. சாதாரண வாகனத்துக்கு எட்டு வருடத்துக்குக் கொடுக்கிற பத்திரத்தைக் கனரகத்துக்கு நாலு வருடத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். நாலு வருடத்துக்கொரு முறை உடம்பைக் காட்டத்தான் வேண்டும். அந்தச் சட்டத்தை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். பிரஷரும் சீனியும் எப்போது எட்டிப் பார்க்கும் என்று என் வயதுக்காரனுக்குத் தெரியாது.

ஆனால் பரீட்சை அன்று நான் ஓடிக் காட்டியது வெறும் லொறி. பத்திரம் கையில் கிடைத்து நான் ஏற வேண்டியிருந்த லொறியில் இருநூறு மூட்டை சீமெந்து. மூட்டைக்கு 50 கிலோ, ஆகப் பத்து தொன். இரண்டும் ஒரே வாகனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வெறும் லொறி கால் வைத்த இடத்தில் நிற்கும். பாரம் ஏறிய லொறி, நீங்கள் பிறேக்கை மிதித்த பிறகும் பின்னாலிருந்து உங்களைத் தள்ளிக்கொண்டே வரும். ஹபரணை நோக்கிப் போகிற நேர்வீதியில் முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தால், அந்தத் தள்ளலை முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும். இதை எந்த எழுத்துப் பரீட்சையும் என்னிடம் கேட்கவில்லை.

எனக்குக் கற்றுத் தந்தவர் கிண்ணியாத் தம்பி ஒருவர். வயது முப்பத்திநாலு. அவருடைய வாப்பாவும் லொறிக்காரர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைக்காகக் காத்துக் காத்தே பாதி ஆயுள் போனது என்று வாப்பா சொல்வாராம். லொறி முதலாளி எங்கள் ஊர்க்காரர். என் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் இவரோட ஓடுங்க, பிறகு பாப்பம்" என்றார். அந்த மூன்று மாதமும் நான் இருந்தது கிளீனர் ஆசனத்தில்.

அந்த ஆசனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்குள் என்னை "சேர்" என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். அந்தப் பிள்ளைகள் பார்க்கத்தான் பின் ரயருக்குக் கட்டை வைத்தேன், படங்கு இழுத்தேன். முதல் கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாம் கிழமை அதற்கு நேரமிருக்கவில்லை.

படங்கு கட்டுவதை ஒரு கலை என்றே சொல்வேன். மாரி காலத்தில் சீமெந்துக்குள் தண்ணீர் போனால் மூட்டை கல்லாகிவிடும், அந்தக் காசு சாரதியின் தலையில். முன்னால் இரட்டை மடிப்பாக வர வேண்டும், காற்று கீழால் புகாதபடி. பிறகு கயிற்றை ஒரு கொக்கியில் மாட்டி, மற்றப் பக்கம் எறிந்து, காலைச் சட்டத்தில் ஊன்றி உடம்புப் பாரத்தையே பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். என் உள்ளங்கைத் தோல் இரண்டு முறை உரிந்தது. தம்பி முடிச்சுப் போடுவதை எத்தனை தரம் பார்த்தும் விளங்கவில்லை. கடைசியில் கந்தளாய்த் தேத்தண்ணிக் கடையில் வைத்து என் சாறத் தலைப்பிலேயே போட்டுக் காட்டினார். அன்றைக்குப் பிடிபட்டது. ஒரே இழுவையில் அவிழும், ஆனால் வழியில் ஒருநாளும் அவிழாது.

தனியாக ஓடத் தொடங்கிய இரண்டாம் கிழமை ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்கு ஒரு ஹயர். ஹாட்வெயார் கடை ஒன்றின் பின்வளவுக்குள் பின்னால் எடுக்க வேண்டும். இரண்டு கண்ணாடியிலும் பார்த்தேன், இடம் இருந்தது. கடைப் பொடியன் வேறு "வா வா வா" என்று தட்டிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டபோது சுவர் சாய்ந்து முடிந்துவிட்டது. அரை ஆள் உயரச் சுவர்தான். ஆனால் அதற்குப் பின்னால், அப்போதுதான் யாரோ எழுந்து போன ஒரு கதிரை நொறுங்கிக் கிடந்தது. அந்தக் கதிரை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. இரவு தம்பிக்குப் போன் எடுத்தேன். அவர் ஏசவில்லை. "கண்ணாடில தெரியாத இடம் இருக்கு. இறங்கிப் பாருங்க அண்ணன். பத்துத் தரம் இறங்கினாலும் பரவால்ல, ஆரும் சிரிச்சாச் சிரிக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து இறங்கிப் பார்க்கிறேன். புது வளவு என்றால் நடந்து போய்ச் சுற்றிவந்து, மேலே கரண்ட் வயர், கீழே பீலி மூடி, பின்னால் பிள்ளைகள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறுகிறேன். இருபத்தைந்து வயதில் இந்த வேலைக்கு வந்திருந்தால் இதைச் செய்திருப்பேனா? சந்தேகம். அந்த வயதில் இறங்குவது வெட்கம். பிந்தி வருகிறவனுக்கு முதுகு வலிக்கும், இரவில் எதிர் லைட் கண்ணைக் குத்தும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தூக்கம் தூக்கிப் போடும். ஆனால் தன் பயத்தை ஒத்துக்கொள்கிற வயது அது. பொழுதுபட்டால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை நிற்கும் என்று தெரிந்து மெதுவாக வருவான். விடியப்புறம் இரண்டு மணிக்குக் கண் சொக்கினால் ஓரங்கட்டி அரை மணித்தியாலம் படுப்பான்.

கனடாவில் இருக்கும் என் மச்சான் ஐம்பது வயதில் றெஸ்ரோறன்ற் வேலையை விட்டு ட்ரக் ஓடப் போனவர். ஒன்ராறியோவில் 2017 ஆடி முதல் பெரிய ட்ரக்கின் பத்திரத்துக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். அதில் ஒரு மணித்தியாலம் குறைந்தாலும் பரீட்சைக்கு விடமாட்டார்கள் என்று அவர் அலுத்துக்கொண்டபோது, எங்களுக்கு அப்படி ஒன்று இல்லையே என்றுதான் எனக்குப் பட்டது. அந்தச் சட்டம் இல்லாதிருந்த சஸ்கச்சுவான் மாகாணத்தில் 2018 ஏப்ரல் 6 ஆம் திகதி, ஹம்போல்ட் நகர ஐஸ் ஹொக்கி அணிப் பிள்ளைகள் போன பஸ், நிறுத்தற் குறியைத் தாண்டி வந்த ட்ரக்குடன் மோதியது. 16 பேர் செத்தார்கள். ட்ரக் சாரதி வேலைக்குப் புதியவர். அடுத்த வருடமே அங்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பாவில் நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் நிறுத்தியே ஆகவேண்டும். நான் கண்ட வரையில், எங்களுடைய ஓய்வைத் தீர்மானிப்பது முதலாளியின் போன்தான்.

2022 க்குப் பிறகு என்னைப் போல் பலர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். மீன்பிடியை விட்டவர், தையல் கடையை விட்டவர், பென்சன் எடுத்த ஆமிக்காரர் என்று மா ஆலை வரிசையில் நின்று கதைக்கும்போது ஒவ்வொருவராகத் தெரியவருகிறது. அவர்களில் அநேகம் பேருக்குப் பத்திரம் வந்த அன்றே திறப்பைக் கையில் கொடுத்துத் தனியே அனுப்பியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த மூன்று மாதம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. லொறி வைத்திருக்கும் முதலாளிமாரிடம் நான் கேட்பது இதுதான். புதிதாக வருகிறவருக்கு எத்தனை வயதானாலும் சரி, முதல் மூன்று மாதம் பழைய சாரதியின் பக்கத்தில் இருத்துங்கள், இருத்துகிற நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். வவுனியாச் சுவரைத் திரும்பக் கட்டிக் கொடுக்க என் முதலாளிக்குப் போன காசு, அந்த மூன்று மாதத்தில் அவர் எனக்குத் தந்த சம்பளத்தை விடக் கூட. கதிரையில் ஆள் இருந்திருந்தால் அதற்கு யார் என்ன கணக்குப் பார்ப்பது?