புதிய மண்ணில் நாம்: பதினைந்து நிமிடப் பயணம்



1980களில் இருந்து நோர்வேயின் வடகோடி மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களில் எம்மவர் பலர். நாங்களும் அப்படி வட்சோவில் குடியேறியவர்களே. வந்த புதிதில் நாங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்லுகிறோம். நீங்கள் விடாமல் இருக்க உதவும்.

பெரிய வைத்தியசாலை கிர்க்கனெஸ் நகரில். மூத்த பிள்ளைக்குக் காலை பத்து மணிக்கு அங்கே வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வரைபடத்தை விரித்தோம். வட்சோ விமான நிலையத்துக்கும் கிர்க்கனெஸ் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 38 கிலோமீற்றர். விமானம் பறப்பது பதினைந்து நிமிடமளவில். "அன்று காலையே வெளிக்கிட்டால் போதும்" என்று இருந்துவிட்டோம்.

அன்று பனிப்புயல். விமானம் வரவேயில்லை. அடுத்த தவணைக்குப் பல வாரம் காத்திருந்தோம். பிள்ளையின் காதுவலியும் எங்களோடு காத்திருந்தது.

பிறகுதான் கணக்குப் பார்த்தோம். இரு ஊருக்கும் நடுவே வாரங்கர் நுழைகழி கிடக்கிறது. தரைவழியே போனால் அதைச் சுற்றி, வாரங்கர்பொட்ன் சந்தி வழியாகச் சுமார் 170 கிலோமீற்றர். நல்ல காலநிலையில் இரண்டரை மணித்தியாலம் போதும். பனிக்காலத்தில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர்காவற்றுறையில் நின்றால் காரைநகர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 'பாதை' ஓடாவிட்டால் பண்ணைப் பாலம், யாழ்ப்பாணம், பொன்னாலை என்று சுற்றத்தானே வேண்டும்? இதுவும் அதே கதைதான்.

விமானக் கணக்கும் பதினைந்து நிமிடத்தோடு முடியாது. நேரத்தோடு போய் நிற்க வேண்டும். இறங்கியபின் கிர்க்கனெஸ் நகருக்கு இன்னும் தூரம் இருக்கிறது. வீட்டு வாசலில் இருந்து வைத்தியசாலை வாசல்வரை இரண்டு மணித்தியாலம் என்று வையுங்கள். சில விமானங்கள் நேரே போகாமல் வேறு ஊர்களில் இறங்கி ஏறும். ரிக்கற் எடுக்கும்போதே கேளுங்கள்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான்:

கடிதம் வந்த உடனேயே தொலைபேசி எடுத்து, தூர இடம் என்று சொல்லி மதிய நேரம் கேட்போம். மாரியில் முதல் நாளே போய்விடுவோம். காரில் போவதென்றால் வெளிக்கிடமுன் 175க்கு அழைத்து, வீதி திறந்திருக்கிறதா என்று கேட்போம். காரில் கம்பளியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் இருக்கும். விமானம் நின்றுவிட்டால் உடனே வைத்தியசாலைக்கு அறிவிப்போம். ரிக்கற்றுகளையும் பற்றுச்சீட்டுகளையும் எறியமாட்டோம். சிகிச்சைக்கான பயணச் செலவில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. நாள் நெருங்கமுன்பே மருத்துவிச்சியிடம் "வீதி பூட்டினால் என்ன செய்வது?" என்று கேட்டுவையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஊர்ப் பெண்களும் கேட்கும் கேள்விதான் அது. உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்காமல் 113ஐ அழையுங்கள்.

நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடுப்பகுதிவரை இங்கே சூரியன் எழாது. அந்த இருட்டில் அக்கரை இன்னும் தூரமாகத் தெரியும். தூரத்தைக் குறைக்க எங்களால் முடியாது. நேரத்தோடு வெளிக்கிட முடியும்.