மொட்டைமாடி சுக்கினியும் என் பேலன்ஸ் ஷீட்டும்

பி.காம் படிக்கிறவன் கையில ஒரு செடியைக் கொடுத்தா என்ன பண்ணுவான்? முதல்ல கணக்கு போடுவான். நானும் போட்டேன்.

சூப்பர் மார்க்கெட்ல சுக்கினி விலையைப் பார்த்திருப்பீங்க. நம்ம சுரைக்காய் பக்கத்துலயே நிக்க முடியாது. 3 க்ரோ பேக், செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், விதை, எல்லாம் சேர்த்து 640 ரூபாய். "ரெண்டே மாசத்துல போட்ட காசை எடுக்கறேன்"னு அம்மாகிட்ட சவால் விட்டேன். பாவம், பாகற்காய் போட வெச்சிருந்த இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தாங்க.

செடி ஜோரா வந்துச்சு. கொடியா ஓடாம புதர் மாதிரி நின்னு, பெரிய பெரிய மஞ்சள் பூ விட்டுச்சு. ஆனா பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில மஞ்சளாகி அழுகிப் போச்சு. ஒண்ணு ரெண்டு இல்லைங்க, ஏழு! ஏதோ நோய்னு நானே முடிவு பண்ணி 180 ரூபாய்க்கு பூச்சி மருந்து வாங்கி அடிச்சேன். அதுக்கப்புறமும் அதே கதைதான்.

கடைசியில அம்மா வந்து பார்த்தாங்க. "நோயும் இல்ல, பேயும் இல்ல. இது பூசணி ஜாதிதானே? மூணாவது மாடிக்கு தேனீ வருதான்னு பாத்தியாடா?"

அப்பதான் உறைச்சுது. சுக்கினியில ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூவுக்குப் பின்னாடி குட்டிப் பிஞ்சு இருந்தா அது பெண். பூ காலையில சில மணி நேரம்தான் விரிஞ்சிருக்கும். அதுக்குள்ள மகரந்தம் வந்து சேரலைன்னா பிஞ்சு வெம்பிடும். மறுநாள் காலை 7 மணிக்கு ஒரு ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிள்ளிட்டு, பெண் பூவுக்குள்ள தடவினேன். ஒரே வாரத்துல ஆறு அங்குலக் காய்!

இங்கதான் எனக்கு வெட்கமா இருக்கு. ஜேம்ஸ் மீட்னு ஒரு பொருளாதார நிபுணர், 1977ல நோபல் பரிசு வாங்கினவர். ஆப்பிள் தோட்டமும் தேனீப் பண்ணையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, ஒண்ணால இன்னொண்ணுக்கு பில் போடாமலே லாபம் கிடைக்கும்னு 1952லயே எழுதினார். இதை 'எக்ஸ்டெர்னாலிட்டி'ன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன் நான். ஆனா என் செலவுக் கணக்குல தேனீ இல்லை. அதுக்கும் மேல, சம்பளம் கேக்காத வேலைக்காரன் வந்தாலும் விரட்டுறதுக்கு 180 ரூபாய் செலவு பண்ணியிருக்கேன்!

அதனால நான் சொல்றது இதுதான். லாபத்துக்காக சுக்கினி போடாதீங்க. எனக்குக் கிடைச்சது மொத்தம் 9 காய், கணக்குப்படி நஷ்டம்தான். ஆசைக்குப் போடுறதா இருந்தா ஒரே செடியோட நிறுத்தாதீங்க, ஆண் பூவும் பெண் பூவும் ஒரே நாள்ல விரியணுமே. பூக்கிற நேரத்துல மருந்து அடிக்காதீங்க. பக்கத்துல ரெண்டு துளசி வைங்க, பூ விட்டா தேனீ தேடி வரும்.

அம்மாவோட பாகற்காய் இடத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு. அதுலயும் ஆண் பூ, பெண் பூ தனித்தனிதான். காலையில எழுந்து பார்க்க வேண்டிய வேலை இப்போ என்னோடது.