சிலந்திக்கு அஞ்சிய மாது

சமையலறைச் சுவரில் சிலந்தியைக் கண்டு அலறி ஓடும் பெண்ணைப் பார்த்து வீட்டார் நகைப்பது வழக்கம். நகைப்புக்குரிய விடயமன்று அது. அளவு கடந்த அச்சம் வாழ்வையே குறுக்கிவிடும் நோயாகும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மாது ஒருத்தி ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்நோயால் வருந்தினாள். இரவுதோறும் படுக்கையறை யன்னல் இடுக்குகளை ஒட்டுநாடாவால் மூடுவாள். கதவின் கீழே துவாயைச் செருகுவாள். துவைத்த உடைகளைப் பிளாஸ்டிக் பைகளில் இட்டுக் கட்டிவைப்பாள். வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் அவளுக்கு அளித்த சிகிச்சையின் விபரம் 1997ஆம் ஆண்டு வெளியாயிற்று. கண்களை மூடும் தலைக்கவசத்தினுள்ளே கணனி தீட்டிய ஒரு சமையலறை. அதிலே ஒரு சிலந்தி. முதலில் எட்ட நின்று பார்த்தாள், நாளடைவில் நெருங்கினாள். பின்னர் அக்காட்சியைக் கண்டவாறே உரோமம் நிறைந்த பொம்மைச் சிலந்தியைக் கையால் தொட்டாள். ஒரு மணி நேரம் வீதம் 12 தடவை பயின்றபின், வெட்டவெளியில் கூடாரமடித்துத் தங்கவும் துணிவு பெற்றாள்.

இதன் தத்துவம் யாது? ஓடும்போதெல்லாம், ஓடியதாலேயே தப்பினோம் என்று மனம் நம்புகின்றது, அச்சம் வளர்கின்றது. ஓடாது நின்றால், படபடப்புத் தானே தணிவதை மனம் கற்றுக்கொள்கின்றது. 1924ஆம் ஆண்டிலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய சிறுவன் உணவுண்ணும் வேளைகளில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து அவன் பயத்தைப் போக்கினார்.

இன்று இச்சிகிச்சை வீடு தேடியும் வருகின்றது. நியூசீலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 129 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. நாய், சிலந்தி, ஊசி, உயரம், விமானப் பயணம் ஆகியவற்றுக்கு அஞ்சியோர், கைத்தொலைபேசியைச் செருகிய தலைக்கவசத்தின் துணையுடன் ஆறு வாரம் வீட்டிலேயே பயின்றனர். முறை வருமெனக் காத்திருந்தோரிலும் பார்க்க, பயின்றோரின் அச்சம் பெரிதும் தணிந்தது. ஆயினும், கடும் அச்சமுடையோர் மனநல வைத்தியரைக் கலந்துகொள்வதே முறை. தெருநாயிடத்து வேண்டிய எச்சரிக்கையையும் எவரும் கைவிடலாகாது.

தாய்மாரே! பயத்தைத் தெளிவிப்பதாக எண்ணிக் கரப்பொத்தானைக் குழந்தையின்மீது எறியாதீர்கள். சிறிது சிறிதாக, அதன் இசைவுடன், கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். புதிய கருவியும் செய்வது அதனையே.