கணக்குப் புத்தகம் யார் கையில்?

காரமடை அரங்கநாதர் கோயில் மாசித் தேர் நிலைக்கு வந்த மறுநாள், அவ்வூரில் நண்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். வாழைத் தோட்டமும் கறவை மாடுகளும் உள்ள குடும்பம். திண்ணையில் ஒரு சிறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்கின் பொருள், ஒரு கணக்குப் புத்தகம்.

வீட்டுக்கு மூத்தவர் சென்ற ஆண்டில் பல மாதங்கள் ஓயாத உத்ஸாகத்தில் இருந்தார். உறக்கமில்லை, பேச்சுக்கு முடிவுமில்லை. ஒரே வாரத்தில் மூன்று ஆழ்துளைக் கிணறுகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். ஊரார் கிறுக்கு என்றார்கள். வைத்தியர்கள் 'மேனியா' என்றார்கள். சிகிச்சையால் இப்போது அமைதி அடைந்துவிட்டார். கணக்கைத் திருப்பிக் கேட்கிறார்.

"அண்ணனுக்குப் பழைய மூளை வருமுங்களா? நேத்துச் சொன்னது இன்னைக்கு நெனப்பில் இல்லீங்களே!" என்றார் தம்பி.

நியாயமான கேள்வியே. மேனியா கண்டவருக்குத் தம் புத்தி முன்னிலும் கூர்மையாகிவிட்டதாகவே தோன்றும். உண்மை வேறு. வாழைத்தார் விலையைச் சொல்லும்போதே அவர் கவனம் தெருவில் போகும் பஸ்ஸின் ஓசைக்குத் தாவிவிடும். மனத்தில் பதியாததை நினைவுகூர்வது எப்படி? லாப நஷ்டம் சீர்தூக்கும் விவேகமும் தளர்ந்துவிடும். உத்ஸாகம் தணிந்தபின் பெரும்பாலும் இவை திரும்புகின்றன, ஆனால் மெதுவாக. சிலருக்கு, முக்கியமாக நோய் பலமுறை கண்டவர்களுக்கு, கவனத்திலும் கேட்டதை நினைவில் வைப்பதிலும் சிறிது குறை தங்கிவிடுவதுண்டு. பின்னால் வரும் மனச்சோர்வும், சில மருந்துகளுங்கூட மந்தத்தை உண்டாக்கும். எது காரணம் என்று வைத்தியரைத்தான் கேட்கவேண்டும். திண்ணையில் தீர்ப்புச் சொல்லலாகாது.

ஜெர்மானிய வைத்தியர் எமில் கிரேபெலின் 1899-ல் இந்நோயைத் தனியே வகுத்தபோது, இது அறிவை அடியோடு சிதைத்துவிடுவதில்லை என்பதையே முக்கிய அடையாளமாகக் கொண்டார். அவர் சொன்னது முழுவதும் சரியன்று என்று பிற்கால ஆராய்ச்சி காட்டினாலும், பெரும்பகுதி நிற்கிறது.

ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட் 1949-ல் வெளியிட்ட விவரம் இதைவிட மனத்தைத் தொடுவது. அவரிடம் முதலில் லித்தியம் உண்டவர் 51 வயதினர். ஐந்தாண்டுகள் ஓயாத மேனியாவில் கிடந்தவர். அத்தகையவர் சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய உத்தியோகத்திலேயே அமர்ந்தார்! ஐந்தாண்டுப் புயலிலும் தொழில் மறக்கவில்லை. பிறகு மருந்தைக் கைவிட்டார்; நோய் திரும்பிற்று. மறுபடி கொடுத்த லித்தியமே நஞ்சாகி, 1950-ல் மாண்டார். இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக் கொடுக்கும் முறை அப்போது வழக்கில் இல்லை. இன்று இருக்கிறது. வெயிலில் வியர்க்க உழைப்போர் அச்சோதனையைத் தவறவிடவும் கூடாது, தண்ணீர் குடிக்க மறக்கவும் கூடாது.

இவற்றையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். நெடுநேர யோசனைக்குப்பின் ஓர் ஏற்பாடு பிறந்தது. பால் கணக்கு இன்றே அண்ணன் கைக்குப் போகும். கடனும் பத்திரமும் ஆறு மாதம் இருவரும் கலந்தே. மறுபடி உறக்கம் குறைந்தால் அன்றே வைத்தியரிடம் போவது. இதைப் பெரியவர் தாமே சொன்னார்.

தம்பி புத்தகத்துடன் பேனாவையும் நீட்டினார். அதை வாங்கவில்லை அவர்.

"பென்சில் கொண்டா தம்பி. கொஞ்ச நாளைக்கு எனக்கு அதுதான் தோது."