விளம்பரத்தில் வயது எதற்கு?

மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலைக்கான விளம்பரங்களில் மூன்று தகுதிகளை அடிக்கடி பார்க்கலாம்: ஒரு பட்டம், ஓர் இருசக்கர வாகனம், முப்பதைத் தாண்டாத வயது. முதல் இரண்டுக்கும் வேலையோடு தொடர்பு உண்டு. மூன்றாவதற்கு இல்லை. இதே வேலையை இருபது ஆண்டுகள் பார்த்து, அதைத் திடீரென இழந்து நிற்பவர் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே அந்த ஒரு வரி அவரை வெளியே நிறுத்திவிடுகிறது. அந்த வரியைச் சட்டத்தின் மூலம் நீக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

மதுரையிலோ சேலத்திலோ இரவு எட்டு மணிக்கு மேல் டாக்டர்களின் கிளினிக் வாசலில் தோல்பையோடு நிற்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். கடைசி நோயாளியும் போன பிறகு கிடைக்கும் இரண்டு நிமிடத்துக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் அவர்கள். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு டாக்டர் 'கால்', ஐந்தாறு மருந்துக்கடை, ஸ்டாக்கிஸ்டிடம் ஆர்டரும் இருப்புக் கணக்கும், வீடு திரும்பியதும் டி.சி.ஆர். எனப்படும் அன்றாட அறிக்கை, மாதக் கடைசியில் டார்கெட். இப்போது கைப்பேசிச் செயலி வழியே அவர்கள் எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்பதும் மேலதிகாரிக்குத் தெரிகிறது. இப்படி உழைத்தவர் நாற்பத்தைந்து வயதில் வேலையை இழந்தால், அவரை அழைத்து உட்காரவைத்துப் பேசக்கூட மருந்துத் துறையில் ஆள் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

அவர் வேலையை இழக்கும் விதத்திலிருந்தே தொடங்க வேண்டும். பலருடைய கையில் பணிநீக்க உத்தரவு இருக்காது. அவர்களே எழுதிக் கொடுத்த ராஜினாமாக் கடிதத்தின் நகல்தான் இருக்கும். அந்தக் கடிதத்தை வாங்குவதற்கென்றே சில வழிகள் உண்டு. திருநெல்வேலியில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பவரைக் குவாஹாட்டிக்கு மாற்றுவார்கள். எட்டவே முடியாத அளவுக்கு டார்கெட்டை உயர்த்துவார்கள். ஏரியா மேனேஜர் வாராவாரம் 'ஜாயின்ட் வொர்க்' வந்து, டாக்டர் எதிரிலேயே மட்டம்தட்டுவார். பயணச் செலவுத் தொகை மாதக்கணக்கில் வராது. கடைசியில், "நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழை நல்லபடியாகத் தருகிறோம்" என்ற பேச்சு வரும். வீட்டுக் கடனும் கல்லூரிக் கட்டணமும் கழுத்தில் இருக்க, அடுத்த வேலைக்கு அந்தச் சான்றிதழாவது மிஞ்சட்டும் என்று நினைத்து அவர் கையெழுத்துப் போடுகிறார்.

சில நேரம் ஒரு பிரிவே மூடப்படுகிறது. 2022 பிப்ரவரியில் நோவார்ட்டிஸ் இந்தியா தன் வோவெரான் உள்ளிட்ட பழைய மருந்துகளின் விற்பனையையும் விநியோகத்தையும் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது சுமார் 400 பேரின் வேலை பாதிக்கப்படுவதாகச் செய்திகள் வந்தன. மருந்துகள் கைமாறின. அவற்றை டாக்டர்களிடம் ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சென்றவர்களின் வேலை கைமாறவில்லை.

இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தொழில் தகராறு சட்டத்தின்படி மருந்துப் பிரதிநிதி 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று மே அண்ட் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, அவர்களின் சங்கங்கள் நாடாளுமன்றம் வரை போய் வாதாடின. மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் அவர்களுக்கு ஆதரவாகப் பரிந்துரைத்தது. அப்படிப் பிறந்ததுதான் 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம். எழுத்துப்பூர்வமான பணி நியமன ஆணை, ஈட்டிய விடுப்பு, பணிக்கொடை, தொழில் தகராறு சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் அதன் வழியே வந்தன. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தத் தனிச் சட்டம் மறைந்தது. ஆனாலும் தொழில் உறவுகள் தொகுப்பு 'தொழிலாளி' என்பதற்குத் தரும் விளக்கத்துக்குள் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

அந்தத் தொகுப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆட்குறைப்பு என்றால், ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் பொதுவாக முதலில் வெளியேற வேண்டும். வெளியேற்றப்படுபவருக்கு ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். ஓராண்டுக்குள் அதே நிறுவனம் மீண்டும் ஆள் எடுத்தால் வெளியேற்றப்பட்டவருக்கே முன்னுரிமை. மூன்று விதிகளும் அதிக காலம் உழைத்தவர் பக்கம் நிற்கின்றன. ராஜினாமாக் கடிதம் வாங்கிவிட்டால் மூன்றும் காற்றில் போய்விடும். இருபது ஆண்டு உழைத்தவர் தானாகப் போனவர் ஆகிறார். அவர் இடத்துக்கு அடுத்த மாதமே 24 வயது இளைஞர் வருகிறார். ஆட்குறைப்பு நடந்ததாகவே எங்கும் பதிவாகாது. பணிமூப்பைச் சட்டம் கேடயமாகக் கொடுத்தது. துறை அதையே வெளியேற்றும் காரணமாக்கிவிட்டது.

வேலை தேடும் படலம் இதைவிடக் கொடுமையானது. இத்துறையில் நல்ல வேலை பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் பரவும். எந்தக் கம்பெனியில் எந்த ஊர் காலியாக இருக்கிறது என்பது கிளினிக் வாசல்களில் பேசப்படும். அந்த வாசலில் நிற்கும் காரணத்தையே இழந்தவருக்குச் செய்தியும் வந்து சேராது. இணையதளத்தில் விண்ணப்பித்தால் பட்டம் பெற்ற ஆண்டை வைத்தே வயதைக் கணக்கிட்டு ஒதுக்கிவிட முடியும். நேர்காணல் வரை போனவர்கள் கேட்கும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: "உங்களுக்கு அனுபவம் அதிகம்", "இந்தச் சம்பளம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது", "எங்கள் ஏரியா மேனேஜருக்கே 32 வயதுதான், உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்". சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அவர் சொல்லிவிட்ட பிறகும் இதையே சொல்கிறார்கள். தன்னைவிட இளையவரின் கீழ் வேலை பார்ப்பது சங்கடமா இல்லையா என்பதை அவரிடமே விட்டுவிடலாமே!

எஞ்சுவது 'புரோபகண்டா' கம்பெனிகள். மருந்தை வேறெங்கோ தயாரிக்கச் செய்து, தம் பெயரில் விற்கும் சிறு நிறுவனங்கள் அவை. அவற்றில் நேர்மையாக நடப்பவையும் உண்டு. ஆனால் நியமன ஆணை தராமல், பி.எஃப். பிடிக்காமல், விற்றால் கமிஷன் என்ற ஒற்றை ஏற்பாட்டில் ஆள் வைத்துக்கொள்பவையும் இருக்கின்றன. 1976இல் போராடிப் பெற்ற எழுத்துப்பூர்வ நியமன ஆணை ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, முன் அனுபவம் நிறைந்த ஒருவருக்கு மறுக்கப்படுகிறது. சிலர் சேமிப்பைப் போட்டுத் தாங்களே ஃப்ராஞ்சைஸ் எடுக்கிறார்கள். சரக்குத் தேங்கினால் அந்தச் சேமிப்பும் போகும்.

அரசின் பாதுகாப்பு வலைகளிலும் இந்த வயதுக்காரருக்கு இடமில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, எனவே வேலை இழந்த ஈ.எஸ்.ஐ. உறுப்பினர்களுக்கான உதவித் தொகையும் இவர்களுக்கு இல்லை. நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் எட்டிப் பார்க்கும் வயதில் அவர் புதிதாகக் காப்பீடு தேட வேண்டும். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 58 வயது வரை காத்திருக்க வேண்டும். 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு. 2014இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பில் கணக்கிட்டால், 20 ஆண்டு உழைத்தவருக்கு 58 வயதில்கூட மாதம் ஐயாயிரம் ரூபாய் தேறாது. தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித் தொகைக்கோ 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. வேலையின்மை இளைஞர்களுக்கு மட்டுமே வரும் என்று கருதிய காலத்தின் விதி அது.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களையும் எடுத்துக்கொள்வோம். வண்டியில் அலைய வேண்டிய வேலை, உடல் தாங்காது என்கிறார்கள். தாங்குமா என்பதை ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்யலாம். பிறந்த தேதி அதைச் சொல்லாது. டேப்லெட் வழியாக மருந்தை விளக்கும் காலம் இது, மூத்தவர்களுக்கு வராது என்கிறார்கள். 2020 ஊரடங்கில் டாக்டர்களைக் காணொளி வழியாகச் சந்தித்து விற்பனையைத் தாங்கியவர்களில் இவர்களும் இருந்தார்கள். இளைஞர்களின் வாய்ப்பு பறிபோகும் என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. வேலையில்லாத இளைஞர்களின் துயரம் உண்மையானது. ஆனால் இளைஞருக்கு இன்று கிடைக்கும் இந்த வேலை, இருபது ஆண்டில் அவரையும் இதே போலத் தெருவில் விடும் வேலை. அவருக்கு வேண்டியது நிலைத்து நிற்கும் ஒரு தொழில்.

செலவு என்ற காரணம்தான் உண்மைக்கு நெருக்கமானது. மூத்தவருக்கு அடிப்படைச் சம்பளம் அதிகம். பணிக்கொடைப் பொறுப்பும் கூடிக்கொண்டே போகும். ஒருவர் அத்தனை ஆண்டு உழைத்ததால் சேர்ந்த தொகை அது. அதைச் சுமை என்று கணக்கில் எழுதுபவர்கள், அவர் உருவாக்கிய வரவை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள்?

அந்த வரவின் பெரும்பகுதி அறிவு. இத்துறையில் இருபத்தைந்து ஆண்டு இருந்தவர், மூட்டுவலிக்குக் கொண்டாடப்பட்ட ரோஃபெகாக்ஸிப் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டதைப் பார்த்தவர். சர்க்கரை நோய்க்கான ரோசிக்ளிடசோன் 2010இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டதையும், 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு நிமசுலைட் கூடாது என்று 2011இல் உத்தரவு வந்ததையும், 2016இல் 344 கூட்டு மருந்துகள் ஒரே நாளில் தடைப்பட்டியலில் ஏறியதையும் கடைக்குக் கடை நின்று அனுபவித்தவர். புது மருந்து ஒன்றைப் பற்றித் தலைமையகம் சொல்லும் எல்லாவற்றையும் அப்படியே டாக்டரிடம் ஒப்பிக்கக் கூடாது என்ற நிதானம் அந்த அனுபவத்தில் வருவது. "உங்கள் மாத்திரை கொடுத்த இரண்டு பேருக்குத் தடிப்பு வந்தது" என்று ஒரு டாக்டர் யாரிடம் சொல்வார்? பதினைந்து ஆண்டாகத் தெரிந்த ரெப்பிடம் சொல்வார். அந்தத் தகவல் நிறுவனத்துக்கும், அங்கிருந்து மருந்துக் கண்காணிப்பு அமைப்புக்கும் போய்ச் சேர்வது நோயாளிகளின் உயிரோடு தொடர்புடையது.

2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்துச் சந்தைப்படுத்தலுக்கான சீரான நெறிமுறை இந்த அறிவின் மதிப்பை இன்னும் கூட்டுகிறது. டாக்டர்களுக்குப் பரிசுகளும் சுற்றுலாப் பயணங்களும் கூடாது. எந்த ஒரு மருந்தின் இலவச மாதிரியும் ஒரு டாக்டருக்கு ஆண்டுக்கு 12 பொட்டலத்தைத் தாண்டக் கூடாது. 'பாதுகாப்பானது' என்ற சொல்லை விளக்கமின்றிப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. பரிசுப் பொருள்கள் பையிலிருந்து வெளியேறினால் மிஞ்சுவது மருந்தைப் பற்றிய பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சை நம்பகமாகப் பேசத் தெரிந்தவர்களை வயது சொல்லி ஒதுக்குவது, நெறிமுறையை மதிக்க விரும்பும் நிறுவனம் செய்கிற காரியமாக நமக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வேலையில் பாகுபடுத்துவதை 1967ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்காகவே பயன்பட்ட நிகழ்வும் உண்டு. பிரதிநிதி வேலைகளுக்கு இளம் வயதினரைக் குறிவைத்து ஆளெடுத்து, மூத்தவர்களைத் தவிர்த்ததாக எலி லில்லி குழுமத்தின் மீது சமவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2023இல் 24 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அங்கும் மூத்தவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. இங்கே தனியார் நிறுவனம் ஒருவரை வயதுக்காக மறுத்தால் அவர் எந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி எங்கே போவார்?

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ள பொருள். நாடாளுமன்றம் செய்யும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய சட்டப்பேரவை இது. அதே அக்கறையோடு, வேலையின் இயல்பு உண்மையாகவே கோரினாலன்றி விளம்பரத்திலோ தேர்விலோ வயது உச்சவரம்பு வைக்கக் கூடாது என்று விதிக்க முடியும். விண்ணப்பதாரர் புகார் கொடுத்தால் காரணம் சொல்லும் பொறுப்பு நிறுவனத்தின் மீது இருக்க வேண்டும். மறுக்கப்பட்டவரிடம் ஆதாரம் கேட்டால் சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

சட்டம் வரும்வரை தொழிலாளர் துறை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தில், ஒரே காலாண்டில், 40 வயதைக் கடந்த பிரதிநிதிகள் பலர் 'சொந்தக் காரணங்களுக்காக' ராஜினாமா செய்திருந்தால், தொலைதூர இடமாற்ற உத்தரவுகளையும் அந்தக் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் துறை அதிகாரிகளால் முடியும். கட்டாயத்தில் வாங்கிய ராஜினாமா என்று தெரிந்தால் அதை ஆட்குறைப்பாகவே நடத்தி, இழப்பீட்டையும் மறுவேலை முன்னுரிமையையும் பெற்றுத்தர வேண்டும். வேலைவாய்ப்பற்றோர் உதவித் தொகையின் வயது வரம்பைத் திருத்துவதற்கு ஓர் அரசாணை போதும்; அதை இந்த நிதியாண்டுக்குள்ளேயே செய்யலாம்.